ஆட்டுப் பட்டியிலிருந்து மனிதனுக்கு வந்த மருந்து

"நான் மிருக வைத்தியம் படிக்கப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் பல வீடுகளில் பெற்றோரின் முகம் வாடிவிடுகிறது. "டொக்டராக வரவேண்டிய பிள்ளை மாட்டுக்கு ஊசி போடப் போவதா?" என்று சொந்தக்காரர்களும் கேட்டு வைப்பார்கள். மிருகங்களுக்கு மருந்து தேடியவர்களின் உழைப்பு இலட்சக்கணக்கான மனிதரின் கண்பார்வையைக் காத்த கதையை அறிந்தால் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

வில்லியம் கெம்பல் 1930ஆம் ஆண்டு அயர்லாந்தின் டொனகோல் பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போனபோது, ஆடுகளின் ஈரலைத் தின்னும் தட்டைப் புழுவுக்கு மருந்து உண்டு என்ற செய்தி அவர் மனதில் பதிந்தது. டப்ளினில் விலங்கியல் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 1957இல் மேர்க் என்ற மருந்துக் கம்பனியில் சேர்ந்து, 1990 வரை 33 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். அவர் மிருக வைத்தியர் அல்லர். எனினும் ஆடு, மாடு, குதிரைகளை வாட்டும் புழுக்களுக்கு மருந்து காண்பதே அவரது தொழிலாக இருந்தது.

ஒரு பிடி மண்

ஜப்பானில் சதோஷி ஒமுரா என்ற அறிஞர் பல இடங்களில் மண் எடுத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்து வந்தார். கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் கிடைத்த ஒரு பக்டீரியா வகையும், ஏனைய மாதிரிகளோடு 1970களில் மேர்க் கம்பனிக்கு அனுப்பப்பட்டது. கெம்பலும் அவரது குழுவினரும் அதை வளர்த்த சாற்றைப் புழுத்தொற்றுள்ள எலிகளுக்கு உணவோடு கொடுத்தனர். புழுக்கள் மறைந்தன. அந்தப் பொருளில் சிறு இரசாயன மாற்றம் செய்து உருவானதே ஐவர்மெக்டின். 1981இல் மிருகங்களுக்கான மருந்தாக அது சந்தைக்கு வந்தது. மிகச் சிறிய அளவே போதுமானதாக இருந்ததால் உலகெங்கும் பண்ணைகளில் பரவியது.

ஆற்றங்கரையில் இருள்

ஆபிரிக்காவில் வேகமாக ஓடும் ஆறுகளின் ஓரத்தில் ஒருவகைக் கறுப்பு ஈ பெருகுகிறது. அது கடிக்கும்போது ஒரு புழுவின் குஞ்சுகள் மனித உடலில் புகுகின்றன. வளர்ந்த புழு பத்தாண்டுகளுக்கு மேலும் உடலில் வாழும். அது ஈனும் எண்ணற்ற நுண்புழுக்கள் தோலில் தாங்கமுடியாத அரிப்பை உண்டாக்கும். கண்ணுக்குள் சென்றால் பார்வையைப் பறிக்கும். இதனால் நல்ல விளைநிலங்களைக் கைவிட்டு ஊரே இடம்பெயர்ந்ததுண்டு. பார்வையிழந்த பெரியவரைக் கோலைப் பிடித்து அழைத்துச் செல்லும் சிறுவன் அக்கிராமங்களில் வழமையான காட்சியாக இருந்தான்.

குதிரைகளிலும் இப்புழுவின் இனத்தைச் சேர்ந்த ஒன்று உண்டு. ஐவர்மெக்டின் அதன் நுண்புழுக்களை அழிப்பதைக் கண்ட கெம்பல், இது மனிதருக்கும் உதவக்கூடும் என்று 1978இல் மேலிடத்துக்கு எழுதினார். அதைப் பரிசோதிக்கும் பொறுப்பை ஏற்றவர் பங்களாதேஷில் பிறந்த டொக்டர் முஹம்மத் அஸீஸ். 1981இல் செனகலின் டக்கார் நகரில், மிகக் குறைந்த அளவில் தொடங்கி, நோயாளிகளுக்கு எச்சரிக்கையோடு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வேளை மருந்தில் தோலிலிருந்த நுண்புழுக்கள் அருகின.

வாங்க வழியில்லாதவர்கள்

மருந்து கிடைத்தது. ஆனால் அதை வாங்க அந்த ஏழைகளிடம் பணமில்லை. அவர்களின் அரசாங்கங்களிடமும் இல்லை. 1987இல் மேர்க் கம்பனி, இந்நோய்க்குத் தேவையான அளவு மருந்தைத் தேவையான காலம்வரை இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. டொக்டர் அஸீஸும் அதே ஆண்டில் காலமானார்.

இம்மருந்து வளர்ந்த புழுவைக் கொல்லாது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது, பல வருடங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். கிராமத்தவர்களே தம்முள் ஒருவரைத் தெரிந்தெடுத்து அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர்களில் பெண்களும் பலர். நிறுக்கத் தராசு தேவையில்லை. அடையாளமிட்ட ஒரு கோலால் உயரத்தை அளந்து, எத்தனை குளிசை என்று தீர்மானிப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும், பிரசவித்து ஒரு வாரமாகாத தாய்மாருக்கும், 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை.

2013இல் கொலம்பியா இந்நோயை ஒழித்த முதல் நாடாக உறுதிசெய்யப்பட்டது. 2025இல் நைஜர் ஆபிரிக்காவின் முதல் நாடாக அதே நிலையை எட்டியது. கெம்பலும் ஒமுராவும் 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

நமது வீட்டுக்கு

மிருகத்தில் தொடங்கிய மருந்து மனிதனுக்கும் உதவியது என்பதற்காக, பண்ணைக்கு வாங்கிய மருந்தை வீட்டில் எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குதிரைக்கும் மாட்டுக்கும் தயாரிப்பது அவற்றின் நிறைக்கேற்ற செறிவில் இருக்கும். கொரோனாக் காலத்தில் சில நாடுகளில் இப்படி எடுத்தவர்கள் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. கொலி போன்ற சில நாயினங்களுக்குக்கூட இம்மருந்து அளவு மிஞ்சினால் நஞ்சாகும். மாட்டுக்கு மருந்து கொடுத்தால் எத்தனை நாளைக்கு அதன் பாலைக் கறந்து பாவிக்கக் கூடாது என்பதையும் மிருக வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. அங்கே படித்து வருபவர்கள் தொழுவத்தில் மட்டுமல்ல, ஆய்வுகூடத்திலும் மருந்துக் கம்பனியிலும் பணியாற்ற இடமுண்டு. உங்கள் மகளுக்கோ மகனுக்கோ அதில் விருப்பம் இருந்தால், "அது என்ன படிப்பு?" என்று தட்டிவிடாதீர்கள். வாயில்லாச் சீவனின் நோயைத் தீர்க்கப் படிக்கும் பிள்ளை, வாயிருந்தும் கேட்க நாதியற்ற மனிதர்களுக்கும் நாளை உதவக்கூடும்.