ஸ்கேன் நார்மல், ஆனால் ஆள் மாறிவிட்டாரா? நரம்பியல் உளவியல் நமக்குச் சொல்வது

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் இருசக்கர வாகனத்தில்தான் போய் வருகிறார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் வருகிறார்கள். விபத்தில் தலையில் அடிபட்டால் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். உயிர் பிழைத்து வீடு திரும்பினால் அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விடுகிறோம்.

ஆனால் பல குடும்பங்களுக்கு அதன் பிறகுதான் சோதனையே தொடங்குகிறது. காயம் ஆறிவிட்டது, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் பழைய ஆளாக இல்லை. சொன்னதை ஐந்து நிமிடத்தில் மறக்கிறார். சிறிய விஷயத்துக்கெல்லாம் கத்துகிறார். ஒரு வேலையைத் தொடங்கினால் முடிப்பதில்லை. "சோம்பேறி ஆகிவிட்டான்" என்கிறார் தந்தை. "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்கிறார் உறவினர். பெண் வீட்டாரோ குலா பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்று அளந்து சொல்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் நரம்பியல் உளவியல்.

உள்ளே நடப்பது என்ன?

மூளை மிருதுவான உறுப்பு. கெட்டியான மண்டை ஓட்டுக்குள் அது இருக்கிறது. வேகமாக மோதும்போது உள்ளே அதிர்ந்து, நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டு அறுந்துபோகலாம். ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும் சாதாரண சி.டி. ஸ்கேன் இந்த நுண்ணிய சேதத்தைப் பல நேரங்களில் காட்டாது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் திட்டமிடவும், கோபத்தை அடக்கவும், எடுத்ததை முடிக்கவும் நமக்கு உதவுகிறது. அங்கே அடிபட்டால் குணமே மாறியதுபோலத் தெரியும். அது திமிரும் அல்ல, சோம்பலும் அல்ல.

நரம்பியல் உளவியலாளர் அறுவை சிகிச்சை செய்பவர் அல்லர், மருந்து எழுதித் தருபவரும் அல்லர். மூளையின் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்பவர். பதினைந்து சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டி எத்தனை நினைவில் நிற்கிறது என்று பார்ப்பார். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று எண்ணுவார். கவனம், வேகம், திட்டமிடும் திறன் ஆகியவற்றுக்கும் இப்படித் தனித்தனிச் சோதனைகள் உண்டு. எது பழுதாகியிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்பது அப்போது தெரியவரும்.

மறந்தவரின் கை மறக்கவில்லை

இந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பிரெண்டா மில்னர். 1918இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தில் பணியாற்றியவர்.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் ஒரு பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. 1955இல் மில்னர் அவரைச் சந்தித்துச் சோதிக்கத் தொடங்கினார். ஒரு சோதனையில், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரக் கோட்டை வரையச் சொன்னார். மறுநாள் கேட்டால், அப்படி ஒன்றைச் செய்ததாகவே மொலைசனுக்கு நினைவில்லை. ஆனால் நாளுக்கு நாள் அவருடைய கை தேறிக்கொண்டே வந்தது.

நினைவு என்பது ஒரே பொருள் அல்ல, அதில் பல வகைகள் உண்டு என்று உலகம் இதிலிருந்து புரிந்துகொண்டது. மறதியால் தவிக்கும் குடும்பங்களுக்கும் இதில் ஆறுதல் இருக்கிறது. ஒரு வழி அடைபட்டாலும் பழக்கத்தால் கற்கும் வழி திறந்தே இருக்கலாம்.

ஓசூர் சாலையின் மறுமுனையில்

இந்த அறிவு நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பெங்களூருக்குள் நுழையும் அதே ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாக உருவாகி, 1974இல் தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனமாக மாறியது.

அங்கே இந்தத் துறையில் நீண்ட காலம் உழைத்தவர் ஷோபினி ராவ். ஒரு சிக்கலைத் தீர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்கு நாடுகளில் உருவான சோதனைகள் பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. பள்ளியே போகாத நம் ஊர்ப் பெரியம்மாவை அவற்றால் சோதித்தால், நல்ல மூளையையும் பழுதானது என்று காட்டிவிடும். ராவ், சுப்பகிருஷ்ணா, கோபுகுமார் ஆகிய மூவரும் 2004இல் வெளியிட்ட நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பு இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. எழுத்தறிவு இல்லாதவர், பள்ளிப் படிப்பு உள்ளவர், கல்லூரி படித்தவர் என்று பிரித்து, வயது, ஆண், பெண் என்றும் பிரித்து, இந்த நாட்டு மக்களின் சராசரி அளவை அது தந்தது. படிக்காதவரைப் படிக்காதவரோடுதான் ஒப்பிட வேண்டும் என்ற நீதி அதில் இருக்கிறது.

நம் எல்லைப் பகுதிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டில் உருது, தெருவில் தமிழ், வேலையிடத்தில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். சோதனைக்குப் போகும்போது அவருக்கு எந்த மொழி இயல்பாக வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அளப்பதோடு முடிவதில்லை

சோதனைக்குப் பிறகு பயிற்சி. வலது பக்க மூளையின் ஒரு பகுதி அகற்றப்பட்டு இரண்டரை ஆண்டுகள் ஆன ஒருவருக்கு அளித்த பயிற்சி பற்றி ராவ் 1983இலேயே இன்னொருவரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். காலம் கடந்துவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை என்பது அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

பயிற்சிகளும் எளிமையானவை. கலந்து கிடக்கும் தானியங்களை வகை பிரிப்பது, ஒரு பக்கம் நிறைய எழுத்துகளில் குறிப்பிட்ட எழுத்தை மட்டும் அடித்துக்கொண்டே போவது போன்றவை. எளிதில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்குவார்கள். இவற்றில் பலவற்றை வீட்டிலேயே தாயோ மனைவியோ உடனிருந்து செய்ய வைக்க முடியும். மனச்சிதைவு நோய் முதன்முறையாக வந்தவர்களுக்கு இப்படி வீட்டுப் பயிற்சி அளித்த ஆய்வை சாந்தலா ஹெக்டே, ராவ் உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்டார்கள்.

உஸ்தாதும் மாணவரும்

மதரஸாவில் உஸ்தாத் கையிலிருந்து மாணவர் கைக்கு சனது போவதுபோல, இந்த அறிவும் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது. மில்னரின் மாணவியாக 1962இல் மொலைசனைச் சந்தித்த சூசன் கார்கின், 2008இல் அவர் இறக்கும் வரை ஆய்வைத் தொடர்ந்தார். ராவோடு ஆய்வு செய்த சாந்தலா ஹெக்டே, பிற்காலத்தில் நிம்ஹான்ஸிலேயே இசைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஆய்வகத்தை நடத்துபவரானார்.

நம் பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கலைப் பிரிவு படித்தவர்களும் உளவியல் பட்டத்தில் சேரலாம். அதன் பிறகு மருத்துவ உளவியலில் சேரும்போது, அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டும். உருதும் தமிழும் தெரிந்த ஒரு பெண் பிள்ளை இத்துறைக்கு வந்தால், நம் தாய்மார்கள் எவ்வளவு மனம் திறந்து பேசுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

குடும்பமும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியது

தலையில் அடிபட்டவரிடம் மறதி, கோபம், கவனக் குறைவு போன்ற மாற்றங்கள் தொடர்ந்தால், தேதியோடு குறித்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நரம்பியல் மருத்துவரிடம் போய், நரம்பியல் உளவியல் சோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள். மனநலம் சார்ந்த ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஓதிப் பார்ப்பதும் துஆ செய்வதும் சிகிச்சைக்கு மாற்று அல்ல. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். தாயத்துக்காக அலைந்து மாதங்களை இழப்பவர், சிகிச்சைக்குரிய நல்ல காலத்தை இழக்கிறார்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மார்க்கக் கடமைகளுக்கு அக்ல் நிபந்தனை என்பது நாம் அறிந்ததே. தலைக்காயம் பட்டவர் சம்பந்தப்பட்ட தலாக், குலா விவகாரம் வந்தால், இரு தரப்பையும் விசாரிக்கும் முன் மருத்துவ அறிக்கையைக் கேளுங்கள். அவருடைய கோபம் குணத்திலிருந்து வருகிறதா, காயத்திலிருந்து வருகிறதா என்பது தெரிந்தால், பிரிய இருந்த ஒரு குடும்பம் சேர்ந்து வாழவும் கூடும், இன்ஷா அல்லாஹ்.