4கே மானிட்டர் வாங்கியாச்சு, கார்டு எது வாங்கலாம்?

போன வாரம் படப்பையில இருந்து என் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணா, ஆஃபர்ல 4கே மானிட்டர் வாங்கிட்டேன். கேம் போட்டா திக்கித் திக்கி ஓடுது. லோன் போட்டு புது கார்டு வாங்கிடவா?"

அவன்கிட்ட இருக்கிறது 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060. ஒரகடத்துல வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது. "அவசரப்படாத, முதல்ல கணக்கைப் பாருடா"ன்னு சொன்னேன். அந்தக் கணக்குதான் இந்த எபிசோடு.

1080பி திரையில சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி-ல 36.9 லட்சம். 4கே-ல 82.9 லட்சம், அதாவது 1080பி மாதிரி நாலு மடங்கு. நொடிக்கு 60 ஃபிரேம் வேணும்னா, கிட்டத்தட்ட 50 கோடி பிக்சலை கார்டு வரைஞ்சு தள்ளணும்.

அடுத்தது விரேம். இது கார்டுலயே இருக்கிற மெமரி. சமையல் மேடை மாதிரி நினைச்சுக்கோங்க. மேடையில இடம் இல்லேன்னா ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடணும். கார்டும் அப்படித்தான், மெமரி நிரம்பினா கம்ப்யூட்டரோட ரேமுக்கு ஓடும். அந்த ஓட்டம்தான் திக்கல். 4கே-க்குன்னே புதுசா வாங்கினா 16 ஜிபி பாருங்க. ஆர்டிஎக்ஸ் 5070-ல 12 ஜிபிதான்; 5070 டிஐ, ஏஎம்டி-யோட ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி ரெண்டுலயும் 16. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஒரே பேருல 8, 16னு ரெண்டு விதமா வருது, பெட்டியைப் பார்த்து வாங்குங்க. ஆனா மெமரி மட்டும் போதாது. சிப்புக்கும் வேகம் இருக்கணும்.

இப்போ பலர் மறக்கிற விஷயம், கரண்ட். 4060-க்கு 115 வாட் போதும். 5070 டிஐ 300, 9070 எக்ஸ்டி 304. ரெண்டுக்குமே 750 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைக்கிறாங்க. சாதாரண 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பிராசஸர், மானிட்டர் சேர்ந்தா அதைத் தாண்டிடும்; கேம் நடுவுல கரண்ட் போனா யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துடும். ஆக, கார்டு விலையோட எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் விலையையும் கூட்டித்தான் பட்ஜெட் போடணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்க. சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்காதீங்க, வாரண்டிக்கு அதுதான் கை கொடுக்கும்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? டிஎல்எஸ்எஸ்ஸை பெர்ஃபார்மன்ஸ் மோடுல போடச் சொன்னேன். அது 1080பி-ல வரைஞ்சு 4கே-ஆ பெருக்கிக் காட்டும். குவாலிட்டி மோடுன்னா 1440பி-ல வரையும். கூடவே டெக்ஸ்சரை ஹையில இருந்து மீடியத்துக்கு இறக்கச் சொன்னேன். செலவு பூஜ்யம்.

ராத்திரியே மெசேஜ் வந்துச்சு: "அண்ணா, இப்போ ஓடுது. முடி, புல்லு எல்லாம் உத்துப் பார்த்தா கொஞ்சம் மங்கலா இருக்கு. ஆனா பரவாயில்ல." லோன் ஃபார்மை மூடிட்டான். தீபாவளி போனஸ் வரட்டும், அப்போ எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்துப் பார்க்கலாம்னு இருக்கோம்.

நீங்களும் கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, இருக்கிற கார்டுல இந்த ரெண்டு செட்டிங்கையும் ஒரு தடவை மாத்திப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!