மெலிந்த எருமைக்கு இரண்டு மூன்று மாதத் தீனி

பால் வற்றி, இனிச் சினை பிடிக்காது என்று தெரிந்த எருமைக்கு முதலில் நின்றுபோவது தவிடும் புண்ணாக்கும்தான். நாங்குநேரிப் பக்கம் குளத்தடியில் மேய்ந்ததோடு சரி. விலா எலும்பு துருத்தி நிற்கும்போது இறைச்சிக்காக மேலப்பாளையம் சந்தைக்கு ஏற்றிவிடுவார்கள். இது நட்டம். உடம்பைக் கரைத்துப் பால் கொடுத்த மாட்டுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

எருமையைப் பற்றி மட்டும் பேசுவதற்குச் சட்டமே காரணம். தமிழ்நாட்டில் பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976ஆம் ஆண்டு அரசாணை தடை விதித்தது. எருமைக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம்: 10 வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்றோ, தீராத நோயாலோ ஊனத்தாலோ முடங்கியது என்றோ சான்று வேண்டும்.

மெலிந்த மாடு தீனி கண்ட முதல் வாரங்களில் மளமளவென்று தேறும். இழந்த சதை திரும்புகிறது. அதற்குமேல் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு, அதற்குத் தீனிச் செலவு அதிகம். ஆகவே விற்பதற்குமுன் 60 முதல் 90 நாள் ஊட்டினால் போதும். மேல்நாடுகளில் கழித்த பசுக்களுக்குத் தானியம் ஊட்டுவது, புல் தின்று மஞ்சளான கொழுப்பை வெளுக்க வைக்கவும்தான். எருமைக் கொழுப்பு இயல்பிலேயே வெள்ளை. அந்தச் செலவு நமக்கு மிச்சம்.

முதலில் குடற்புழு நீக்கம். நத்தை உள்ள குளக்கரையில் மேய்ந்த மாட்டின் ஈரலில் தட்டைப்புழு இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு புண்ணாக்கு போடுவது வீண். அடுத்து வைக்கோல். பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்ததும் தாமிரபரணிப் பாசன ஊர்களில் வாங்கிப் படப்புப் போட்டுக்கொள்ளலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் புரதம் கூடும், நன்றாகச் செரிக்கும். நெடி போக ஆறவிட்டே போட வேண்டும். யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மக்காச்சோள மாவு, தவிடு, பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு கலந்த அடர்தீவனத்தை 1 கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 4 கிலோ வரை ஏற்றலாம். ஒரே நாளில் அள்ளிக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். மிஞ்சிய சோற்றை அண்டாவோடு வைப்பதும் அப்படித்தான். வெயில் காலத்தில் எருமையை நனைக்காமல் விட்டால் தீனியே எடுக்காது. ஊசி, மருந்து போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள் கழியாமல் விற்கக் கூடாது.

தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுமுன் எடையை நீங்களே கணக்கிடுங்கள். மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளத்தை 660ஆல் வகுத்தால் உத்தேச எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 70, நீளம் 60 என்றால் சுமார் 445 கிலோ.