வைஃபை இருக்கு, நெட் வரலை! லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கும் முன் இதைப் பாருங்க

இரவு ஒன்பது மணி. தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு. பிளஸ் டூ முடித்த தங்கை கல்லூரிக்கு விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி. செல்போனில் நிரப்பினால் சான்றிதழ் அப்லோடு ஆகாமல் பாதியில் நிற்கிறது. அதனால் பரணில் கிடந்த அண்ணனின் அரசு லேப்டாப்பை இறக்கியிருக்கிறார்கள். வைஃபை பட்டியலில் வீட்டு ரௌட்டரின் பெயர் வருகிறது, பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால், ஒரு தளமும் திறக்கவில்லை.

"அண்ணே, வைஃபை கார்டு போயிருச்சு போல."

"காலைல கடைக்குக் கொண்டுபோவோம். வேற கார்டு போடச் சொல்லலாம்."

கடை திறந்து, அங்கே கழற்றி, பார்ட்ஸ் வரவழைத்து முடிப்பதற்குள் கடைசி நாள் போய்விடும். அதைவிட முக்கியமான விஷயம், அந்த லேப்டாப்பில் வைஃபை கார்டு போகவே இல்லை. போயிருந்தால் ரௌட்டர் பெயரே திரையில் வந்திருக்காது.

தமிழ்நாட்டு வீடுகளில் இப்படிப்பட்ட லேப்டாப்புகள் நிறைய இருக்கின்றன. 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கொடுத்தது. அண்ணன் படித்து முடித்து, அடுத்து தங்கை, பிறகு சித்தி மகன் என்று அவை கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய லேப்டாப்பில் நெட் வராவிட்டால் 'ஆயுசு முடிஞ்சுபோச்சு' என்று ஓரம்கட்டுவதுதான் வழக்கம். பல நேரங்களில் பழுது பத்து பைசா செலவில்லாதது.

முதலில் செய்ய வேண்டியது ஒரு சின்ன சோதனை. செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பைத் தொட வேண்டியதில்லை. கோளாறு ரௌட்டரிலோ வெளியே வரும் லைனிலோ இருக்கிறது. ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் கேபிள் வழியே ஒளி வரவில்லை. இணைப்பு கொடுத்தவருக்குத்தான் போன் போட வேண்டும்.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வைஃபை அடையாளமே இல்லை என்றால் அது வேறு கதை. ஏரோப்ளேன் மோடு ஆன் ஆகியிருக்கலாம். பழைய மாடல்களில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச் ஒன்று உண்டு. பையில் வைத்து எடுக்கும்போதே அது நகர்ந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால், ஷட்டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அசந்து தூங்கிய கார்டு பல நேரம் இதிலேயே எழுந்துவிடும். அதன் பிறகுதான் டிவைஸ் மேனேஜருக்குப் போய், வயர்லெஸ் அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யும் வேலை.

புது ரௌட்டர் மாட்டிய பிறகு பழைய லேப்டாப் மட்டும் அடம்பிடித்தால், அலைவரிசையைச் சந்தேகப்படலாம். ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. தல்லாகுளத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். 5 கிகாஹெர்ட்ஸ் என்பது தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் ஓடும் நத்தம் ரோடு பறக்கும் பாலம் மாதிரி. வேகம் உண்டு, ஆனால் சந்துக்குள் இறங்காது; இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். 2.4 கீழே இருக்கும் ரோடு. நெரிசல்தான், ஆனாலும் எல்லா அறைக்கும் போகும். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு அந்தப் பாலத்தில் ஏறவே வழி கிடையாது. ரௌட்டர் செட்டிங்கில் 2.4-ஐ ஆன் செய்ய வேண்டும். பாதுகாப்பு முறை 'டபிள்யூ.பி.ஏ.3 மட்டும்' என்றிருந்தால் டபிள்யூ.பி.ஏ.2-வையும் அனுமதிக்க வேண்டும்.

சரி, அந்த மாடி வீட்டு லேப்டாப்புக்கு என்ன ஆயிற்று? வைஃபை இணைந்திருக்கிறது, தளம் மட்டும் திறக்கவில்லை. திரையின் வலது கீழ் மூலையில் பதில் இருந்தது. தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது.

ஒவ்வொரு இணையதளமும் 'நான் அசல்தான்' என்று காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். பிரவுசர் அதைச் சரிபார்ப்பது லேப்டாப்பின் கடிகாரத்தை வைத்துத்தான். கடிகாரம் 2012-ல் நின்றால், இன்றைய சான்றிதழ் எல்லாமே இன்னும் பிறக்காதவை. பாதுகாப்பில்லை என்று சொல்லி பிரவுசர் கதவைச் சாத்திவிடும். வங்கி, கல்லூரி, மெயில் எதுவும் திறக்காது. பார்ப்பவர்கள் வைஃபையைத் திட்டுவார்கள்.

தேதி ஏன் பின்னால் போகிறது? மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பட்டன் செல் இருக்கும். பத்து வருடத்தில் அது தீர்ந்துவிடும். அந்த வயதுக்குப் பெரிய பேட்டரியும் செத்திருக்கும் என்பதால் லேப்டாப் சார்ஜரை நம்பியே ஓடும். கரண்ட் போனாலோ, பிளக்கைப் பிடுங்கினாலோ கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். நெட் கிடைத்ததும் தானாகச் சரியாகாதா என்று கேட்கலாம். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால், வீட்டுக் கணினியில் விண்டோஸ் பொதுவாகத் தானாகத் திருத்தாது. கையால்தான் மாற்ற வேண்டும். செல் மாற்றுவது சிறிய செலவுதான், அதைக் கடையில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

தேதியைத் திருத்திய பிறகும் சில தளங்கள் முரண்டு பிடித்தால் பிரவுசரின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. குரோம் பிரவுசரும் 109-வது பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. இப்படிப்பட்ட லேப்டாப்பில் பேங்க் வேலை வேண்டாம்.

உண்மையிலேயே கார்டு போயிருந்தால்கூட அவசரப்பட்டு வேறு கார்டு வாங்காதீர்கள். அந்தக் காலத்து லெனோவோ, எச்.பி. மாடல்கள் பலவற்றில், நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைப் போட்டால் லேப்டாப் பூட் ஆகவே மறுக்கும். கடைக்காரரிடம் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். யு.எஸ்.பி.யில் செருகும் வைஃபை டாங்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை, விலையும் சில நூறு ரூபாய்தான்.

அதுவும் இல்லை, இன்று ராத்திரியே ஃபார்ம் போயாக வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, செட்டிங்கில் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்யுங்கள். லேப்டாப்பின் வைஃபையே தேவையில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால், பெரும்பாலான மாடல்களில் அதே நெட் கேபிள் வழியே வரும்; மொபைல் டேட்டா செலவாகாது.

மாடி வீட்டில் அதற்கு அவசியம் வரவில்லை. தேதியை மாற்றியதும் கல்லூரி தளம் திறந்தது. அண்ணன் செய்த ஒரே வேலை, ஃபார்ம் போய்ச் சேரும் வரை யாரும் சார்ஜர் பிளக் பக்கம் போகாமல் காவல் காத்தது.