நெல்மணிக்குள் இரண்டு கிட்டங்கிகள்

அரிசி என்றால் மாவுச்சத்து என்றே பெரும்பாலோர் நினைக்கின்றனர். தீட்டிய அரிசி 100 கிராமில் 7 அல்லது 8 கிராம் அளவுக்குப் புரதமும் உண்டு என்பதும், அந்தப் புரதம் மணி முழுவதும் ஒரே சீராகக் கலந்து கிடக்காமல், கண்ணுக்குத் தெரியாத இரண்டு வகை உருண்டைகளில் தனித்தனியாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் பரவலாக அறியப்பட்ட செய்திகள் அல்ல. ஒரே செல், ஒரே வேளையில், ஏறத்தாழ ஒரே இடத்தில் உருவாக்கும் இரண்டு புரதங்களுள் ஒன்றைப் பிறந்த இடத்திலேயே நிறுத்திவைத்து, மற்றொன்றைப் பல கட்டங்கள் கடத்தி வேறொரு கிட்டங்கிக்கு அனுப்புகிறது. இந்தப் பிரிப்பு எவ்வாறு நடக்கிறது என்பதே செல்லியல் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் துருவிப் பார்த்த கேள்விகளுள் ஒன்று.

கார், பிசானம் என்ற இரண்டு போகங்களாலேயே ஆண்டைக் கணக்கிட்டு வந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கில், 1937-இல் தொடங்கப்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம், 1986-இல் வெளிவந்த ஏ.எஸ்.டி. 16 என்னும் குட்டையும் தடிப்புமான மணியை உடைய ரகத்தைத் தந்தது. உழவர் வாயில் அது ‘அம்பை 16’. ஆற்றுப் பாசனத்திலானாலும், தெற்கே குளங்களைப் பெரிதும் நம்பியிருக்கும் வள்ளியூர் வட்டாரத்து வயல்களிலானாலும், கதிர் பூத்துச் சில நாள் கழித்து ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பால் பீறிடும். ‘பால் பிடிக்கும் பருவம்’ என்று உழவர் சொல்லும் அந்தக் கட்டத்தில், கசியும் அந்தத் துளி வெறும் மாவுக்கரைசல் அன்று. முளைக்கப்போகும் கருவுக்கு உணவாகச் சேமிக்கப்படும் கருவூண் என்ற திசுவின் செல்கள் உடைந்து வெளிவந்த சாறு அது. பூத்த ஏறத்தாழ ஒரு வாரத்தில் அச்செல்கள் புரதச் சேமிப்பில் மும்முரமாக இறங்கிவிடுகின்றன.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் மாலைபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அதைக் கோப்பது ரைபோசோம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காகவே. செல்லுக்குள்ளேயே புழங்க வேண்டிய புரதத்தை ரைபோசோம் செல்நீரில் மிதந்தபடியே கோத்து விட்டுவிடும். சேமிக்க வேண்டியது, வெளியே அனுப்ப வேண்டியது ஆகியவற்றின் கதை வேறு. அவ்வகைச் சங்கிலியின் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு முகவரிச் சீட்டைப்போல அமைந்திருக்கிறது. ரைபோசோமிலிருந்து அது தலைகாட்டியதுமே செல் அதை அடையாளம் கண்டு, கோப்பு வேலையைச் சற்றே நிறுத்தி, ரைபோசோமை எண்டோபிளாச வலை என்ற சவ்வு அமைப்பின்மேல் கொண்டுபோய் உட்காரவைக்கிறது. பிறகு சங்கிலி கோக்கப்படக் கோக்கப்பட, சவ்விலுள்ள நுண்துளை வழியே உள்ளே நுழைகிறது. வேலை முடிந்த சீட்டு பெரும்பாலும் வெட்டி எறியப்படுகிறது. புரதம் தன் முகவரியைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு வருகிறது என்ற இந்தக் கருத்தை 1970-களில் வகுத்து நிறுவிய குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார்.

தட்டையான பைகளும் குழல்களும் ஒன்றோடொன்று இணைந்து செல் முழுவதும் பரவிக் கிடக்கும் எண்டோபிளாச வலைக்குள் புகுந்த சங்கிலி அப்படியே பயன்படாது. அதற்குரிய வடிவத்தில் அது மடிய வேண்டும். மடிப்புக்குத் துணைநிற்கும் புரதங்கள் சில அங்கே காத்திருக்கின்றன: ஒன்று, பாதி மடிந்த சங்கிலிகள் கண்டபடி ஒட்டிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும், மற்றொன்று, சங்கிலியின் இரண்டு இடங்களைக் கந்தக அணுக்களால் பிணைத்துத் தையல் போடும். மடிப்புச் சரியாக அமையாத புரதத்தை இந்த வலை மேலே செல்ல விடுவதில்லை. எத்தனை முறை முயன்றும் தேறாததை வெளியே இழுத்துச் சிதைத்துவிடுகிறது.

நெல்லின் புரதத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரை குளூட்டலின் என்ற வகையைச் சேர்ந்தது. வலைக்குள் மடிந்து தேறிய குளூட்டலின், சவ்விலிருந்து மொட்டுப்போல் புடைத்துப் பிரியும் நுண்பைகளில் ஏறி, கோல்கை உறுப்பு எனப்படும் அடுத்த நிலையத்தை அடைகிறது. அடுக்கிவைத்த தோசைகளைப் போன்ற தட்டைப் பைகளால் ஆன அந்த உறுப்பின் ஒரு முகத்தில் சரக்கு வந்து சேர்கிறது. மறுமுகத்தை அடைவதற்குள் எது எங்கே போக வேண்டும் என்பது முடிவாகி, போகுமிடத்திற்கேற்ற நுண்பைகளில் தனித்தனியாக ஏற்றப்படுகிறது. நெல்லின் குளூட்டலினை ஏற்றிக்கொண்ட அடர்த்தியான நுண்பைகள் வேக்குவோல் என்னும் பெரும்பையைச் சென்றடைந்து அதனுடன் ஒன்றாகின்றன. அங்குள்ள நொதியொன்று நீளச் சங்கிலியாக வந்த குளூட்டலினை இரண்டு துண்டாக நறுக்கிய பிறகே, அது நெருக்கமாக அடுக்கப்பட்டு, 3 அல்லது 4 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒழுங்கற்ற உருண்டையாக இறுகுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்.

கோல்கை உறுப்பின் வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது. இத்தாலியின் பாவியா நகரில் கமில்லோ கோல்கி 1898-இல் ஆந்தையின் நரம்புச் செல்லை வெள்ளி உப்பால் கறுக்கவைத்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு வலைபோன்ற அமைப்பைக் கண்டார்; ஆனால் அது மெய்யான உறுப்பன்று, சாயம் ஏற்றியதால் விளைந்த மாயத்தோற்றமே என்று வாதிட்டவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓயவில்லை. மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகே வழக்குத் தீர்ந்தது. அது இருக்கிறது என்பது நிறுவப்பட்டாலும், அது என்ன செய்கிறது என்று காட்டியது ஜார்ஜ் பலாடேயும் அவரது குழுவினரும் 1960-களில் செய்த ஆய்வு. கினி எலியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை மூன்று நிமிடம் மட்டும் ஊட்டி, பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றி, அந்த மூன்று நிமிடச் சரக்கு எங்கெங்கே போகிறது என்று அவர்கள் பின்தொடர்ந்தனர். முதலில் எண்டோபிளாச வலையில் இருந்தது, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கோல்கைப் பகுதியிலும், இரண்டு மணி நேரத்தில் வெளியேறக் காத்திருக்கும் சுரப்புக் குருணைகளிலும் தென்பட்டது. பாதை அன்று முதல் தெளிவானது. 1974-இல் பலாடேக்கு நோபல் பரிசு கிடைத்தது. நுண்பைகள் எப்படிப் பிரிந்து, சரியான இலக்கை எப்படி அறிந்து ஒன்றாகின்றன என்பதை விளக்கிய ராண்டி ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் மூவருக்கும் 2013-இல் அதே பரிசு.

பாடநூல்கள் இந்த ஏற்பாட்டை அஞ்சலகத்துக்கு ஒப்பிடுவது வழக்கம். தாமிரபரணிக் கரையில் பிறந்தவருக்குக் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும் எட்டு அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் நினைவுக்கு வரலாம். ஆனால் அந்த ஒப்புமை ஒரு முக்கியமான இடத்தில் பிசகுகிறது. கன்னடியன் கால்வாயில் போகும் தண்ணீருக்கும் அடுத்த கால்வாயில் போகும் தண்ணீருக்கும் வேறுபாடு இல்லை; ஷட்டரைத் தூக்குபவரே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார். செல்லிலோ, ஓடுகின்ற சரக்கே தன் வழியைச் சொல்லியபடி ஓடுகிறது. திறப்பவர் அந்தச் சொல்லைப் படிக்கிறார், அவ்வளவே.

நெல்லின் இன்னொரு புரதமான புரோலமின் இந்த வழியில் செல்வதே இல்லை. அதுவும் முகவரிச் சீட்டுடன்தான் எண்டோபிளாச வலைக்குள் நுழைகிறது. ஆனால் தண்ணீரில் எளிதில் கரையாத இயல்பால் தனக்குள்ளேயே திரண்டு, மடிப்புத் துணைப் புரதத்தின் பிடியிலும் சிக்கி, வலையின் ஒரு பகுதியை ஊதவைத்து, 1 முதல் 2 மைக்ரோமீட்டர் அகலமுள்ள உருண்டையாக அங்கேயே தங்கிவிடுகிறது. முதல் நிலையமே அதற்குக் கிட்டங்கி. இதைவிட வியப்பான செய்தி 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஒகிட்டாவின் குழுவிடமிருந்து வந்தது: புரதம் பிறப்பதற்கு முன்பே, அதைக் கோப்பதற்கான கட்டளையைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ. பிரிக்கப்பட்டுவிடுகிறது, புரோலமினுக்கான தூது அந்த உருண்டைகளைச் சுற்றிய வலைக்கும், குளூட்டலினுக்கான தூது தட்டையான வலைப்பகுதிக்கும் போகிறது. சரக்கைப் பிரிப்பதற்கு முன் சரக்குக்கான ஓலையையே பிரித்து அனுப்பும் ஏற்பாடு இது.

கோதுமையும் சோளமும் புரோலமின் வகையையே பெரிதும் சேமிப்பவை. புரோட்டா மாவு அறுந்துபோகாமல் இழுபடுவது கோதுமையின் அந்தக் குடும்பப் புரதங்களால்தான். நெல் குளூட்டலின் பக்கம் சாய்ந்ததால், அரிசி மாவை எவ்வளவு பிசைந்தாலும் அப்படி வீசி விரிக்க முடிவதில்லை.

பாதை பிசகினால் என்ன நடக்கும் என்பதற்கும் நெல்லிலேயே சான்று இருக்கிறது. நுண்பைகளை இலக்கில் சேர்க்கும் ரேப்5 என்னும் புரதம் பழுதான திரிபு நெற்களில், வேக்குவோலுக்குப் போக வேண்டிய குளூட்டலினில் ஒரு பகுதி வழி தவறிச் செல்லின் வெளிச்சுவரை ஒட்டிப்போய்க் கொட்டுகிறது. நறுக்கும் நொதியைச் சந்திக்காத அந்தச் சங்கிலி நீளம் குறையாமலே எஞ்சுகிறது. மணி கண்ணாடிபோல் தெளியாமல் மாவுத்தன்மையோடு வெளுத்துப்போகிறது. தையல் போடும் புரதம் இல்லாத இன்னொரு திரிபில், குளூட்டலின் எண்டோபிளாச வலையைவிட்டு ஒழுங்காகக் கிளம்ப முடியாமல் புரோலமினோடு சேர்ந்து திரண்டுவிடுகிறது. வயலில் விளைந்த அரிசியில் காணும் வெள்ளைப் பொட்டுகளுக்கெல்லாம் இதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பால் பிடிக்கும் நாள்களில் அடிக்கும் கடும் வெயிலே அதற்குப் போதும்.

இந்தப் பிரிப்பு தட்டில் விழும் சோற்றிலும் தெரிகிறது. வேக்குவோலில் அடுக்கப்பட்ட குளூட்டலின் உருண்டைகள் மனிதக் குடலில் எளிதாகச் செரிக்கின்றன. வலையிலேயே தங்கிய புரோலமின் உருண்டைகளோ, சோறு வெந்த பிறகும் செரிமான நொதிகளுக்கு எளிதில் இடம்கொடுக்காமல், பெரும்பாலும் உருக்குலையாமலே கழிவோடு வெளியேறிவிடுகின்றன. பைமேல் அச்சிட்ட புரத அளவைப் பார்ப்பதோடு நின்றுவிடுபவர் இதைக் கவனிப்பதில்லை. ஜப்பானியர் கவனித்தனர். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் புரதத்தைக் குறைத்து உண்ண வேண்டியிருப்பதால், சோற்றை விட்டுவிடாமலே புரதத்தைக் குறைக்க வழி தேடிய அவர்கள், நிகோன்மசாரி என்ற நெல்லின் திரிபிலிருந்து எல்.ஜி.சி. 1 என்னும் குறைகுளூட்டலின் ரகத்தை உருவாக்கினர். அந்த ரகத்தில் அருகருகே இருந்த இரண்டு குளூட்டலின் மரபணுக்களுக்கு இடையே ஒரு துண்டு அறுந்துபோனதால், அவை குளூட்டலின் மரபணுக் குடும்பத்தையே அடக்கிவைக்கின்றன. குளூட்டலின் குறைய, அதை ஈடுகட்டுவதுபோல் புரோலமின் கூடுகிறது. மொத்தப் புரதத்தில் பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும், உடலில் சேரும் புரதம் கணிசமாகக் குறைகிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது திறப்பது விதைப்பு நாளில். விதைநெல்லை ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்து, நீரை வடித்துச் சாக்கில் கட்டி மூட்டம் போட்ட மறுநாள் உள்ளே கையை விட்டால், வெதுவெதுப்பு கையைத் தொடும். வெண்மையாக முளை எட்டிப் பார்த்திருக்கும். அந்த வேளையில் கரு அனுப்பும் ஜிப்ரலின் என்னும் வளரூக்கியைக் கண்டதும், கருவூணைப் போர்த்தியுள்ள அலூரோன் என்ற அடுக்கின் செல்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. ரைபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு என்று குளூட்டலின் போன அதே தடம்தான். ஆனால் கடைசித் திருப்பத்தில் வேக்குவோலுக்குப் போகாமல் செல்லுக்கு வெளியே கொட்டப்பட்டு, பக்கத்திலுள்ள மாவுச்சத்தைக் கரைக்கிறது. கூடவே புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் வேலை தொடங்க, இரண்டு கிட்டங்கிகளிலும் அடைத்துவைத்த சரக்கு அமினோ அமிலங்களாகப் பிரிந்து நாற்றுக்குப் போய்ச் சேர்கிறது. நாற்றங்காலில் பாவிய பதினைந்து நாளுக்குப் பிறகு ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் நெல்லை விரலிடையில் வைத்து நசுக்கிப் பார்த்தால், பால் பீறிட்ட இடத்தில் உமியும் கொஞ்சம் ஈரமும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.