ஏன் பழுதானது?

வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? சிலர் அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். சிலர் பேட்டரியைக் கழற்றி மறுபடி போடுவார்கள். சிலர், "இது பழுதாப் போச்சு. எறிஞ்சிட்டுப் புதுசு வாங்குவம்" என்பார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் பலர் கேட்பதில்லை. "இது ஏன் பழுதானது?"

இந்தக் கேள்வியைக் கேட்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போன், கணினி, கார் போன்றவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள், பழுதான பொருட்களை அவர்களிடம் கொடுக்கின்றன. அவர்கள் துப்பறிவாளர்கள் மாதிரித்தான். ஆனால் அவர்கள் தேடுவது திருடனை அல்ல, காரணத்தை.

இல்ஃபோர்டில் ஒரு தொழிற்சாலை

கிழக்கு லண்டனில் இருக்கும் இல்ஃபோர்டை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இல்ஃபோர்ட் லேன் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். வலன்டைன்ஸ் பூங்காவில் விளையாடியிருப்பீர்கள். அதே ஊரில், விக்கரேஜ் லேன் என்ற தெருவில், முன்பு ஒரு பெரிய மின்னணுத் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயர் பிளெசி. ஜான் லோகி பேர்ட் உருவாக்கிய 'டெலிவைசர்' என்ற பழைய தொலைக்காட்சிப் பெட்டியை, 1930-களின் தொடக்கத்தில் இந்த நிறுவனம்தான் செய்து கொடுத்தது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. லண்டன்மீது குண்டுகள் விழுந்தன. தரைக்கு மேலே வேலை செய்வது ஆபத்து. அப்போது சென்ட்ரல் லைனுக்காகத் தோண்டிய புதிய சுரங்கப் பாதை ஒன்று சும்மா கிடந்தது. அதில் இன்னும் ரயில் ஓடத் தொடங்கவில்லை. 1942-ல் பிளெசி அந்தச் சுரங்கத்துக்குள் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது!

லெய்டன்ஸ்டோன் பக்கத்திலிருந்து கான்ட்ஸ் ஹில் வரை இரண்டு சுரங்கங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2½ மைல் நீளம். அங்கே சுமார் 2,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். விமானங்களுக்கு வேண்டிய பாகங்களை அவர்கள் செய்தார்கள். பொருட்களை ஏற்றிக்கொண்டு போக உள்ளே ஒரு குட்டி ரயிலும் ஓடியது. போர் முடிந்த பிறகு, 1947 டிசம்பரில், அதே பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. நீங்கள் கான்ட்ஸ் ஹில்லில் ரயில் ஏறினால், அந்தப் பழைய தொழிற்சாலைக்குள்ளேதான் போகிறீர்கள்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். விமானம் வானத்தில் பறக்கும்போது உள்ளே ஒரு கம்பி விட்டுப்போனால் என்ன ஆகும்? காரை நிறுத்துவது போல அதை ஓரமாக நிறுத்த முடியாது. ஒரு சின்ன இணைப்பு சரியாக இருப்பதில் ஓர் உயிரே தங்கியிருக்கலாம்.

எப்படிச் சேர்க்கிறார்கள்?

ஒரு போனின் உள்ளே ஒரு தட்டையான பலகை இருக்கும். அதைச் சுற்றுப் பலகை என்று சொல்வோம். அதன்மேல் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உறுப்புகள் இருக்கும். சில உறுப்புகள் ஒரு மணல் துகள் அளவுதான்.

இவற்றைப் பலகையோடு ஒட்டுவது பற்றாசு. அதுவும் ஒரு உலோகம்தான். சூடாக்கினால் உருகும். ஆறினால் இறுகும். முன்பு தொழிலாளர்கள் சூட்டுக்கோலைக் கையில் பிடித்து, ஒவ்வொரு இணைப்பாகப் பற்றவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் உறுப்புகளை எடுத்துப் பலகையில் வைக்கிறது. பிறகு பலகை ஒரு நீண்ட அடுப்புக்குள் போகும். வீட்டில் கேக் சுடும்போது அடுப்பின் சூடு சுமார் 180 பாகை இருக்கும். இந்த அடுப்பில் பலகையின் சூடு சுமார் 240 பாகை வரை ஏறும்.

நன்றாகச் செய்த இணைப்பும் ஒரு நாள் உடையலாம். ஏன்? சூடானால் பொருட்கள் கொஞ்சம் விரியும். குளிர்ந்தால் சுருங்கும். பலகை ஓர் அளவுக்கு விரியும். அதன்மேல் இருக்கும் உறுப்பு வேறோர் அளவுக்கு விரியும். நடுவில் இருக்கும் பற்றாசு பாவம்! இரண்டு பக்கமும் இழுபடும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பல தடவை வளைத்துப் பாருங்கள். கடைசியில் அது 'டக்'கென்று உடையும். பற்றாசும் அப்படித்தான்.

காரணத்தைத் தேடும் ஐந்து படிகள்

பழுதான ஒரு பலகை ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. அங்கே என்ன செய்வார்கள்?

1. முதலில் கேட்பார்கள். "எப்ப பழுதானது? கீழே விழுந்ததா? தண்ணியில நனைஞ்சதா? இது ஒன்று மட்டும்தானா, வேறு எத்தனை இப்படி வந்திருக்கு?" கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஒன்று மட்டும் பழுதானால் அது ஒரு விபத்தாக இருக்கலாம். ஆயிரம் போன்கள் ஒரே மாதிரிப் பழுதானால், தொழிற்சாலையில் ஏதோ பிழை இருக்கலாம்.

2. திறக்காமல் பார்ப்பார்கள். முதலில் கண்ணால், பிறகு உருப்பெருக்கியால். டாக்டர் எலும்பைப் பார்ப்பது போல, எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள்.

3. அளப்பார்கள். எந்த இடம் வரை மின்சாரம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல பலகை ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

4. வெட்டிப் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தை வெட்டி, பிசினுக்குள் பதித்து, கண்ணாடி போல மினுங்கும் வரை தேய்ப்பார்கள். பிறகு நுண்ணோக்கியால் பார்த்தால், தலைமுடியைவிட மெல்லிய வெடிப்புக்கூடத் தெரியும்.

5. மறுபடி பழுதாக்குவார்கள்! ஒரு நல்ல பலகையை எடுத்து, சூடாக்கிக் குளிரவைப்பார்கள், அல்லது ஆட்டிக் குலுக்குவார்கள். அதுவும் அதே இடத்தில் உடைந்தால், தாங்கள் நினைத்த காரணம் சரி என்ற நம்பிக்கை வரும்.

வெட்டுவதை ஏன் நாலாவதாக வைத்தார்கள்? மாம்பழத்தை வெட்டிவிட்டால் மறுபடி முழுப் பழமாக்க முடியாது, இல்லையா? பலகையும் அப்படித்தான். அவசரப்பட்டு வெட்டினால், தேடுகிற தடயமே அழிந்து போகலாம்.

பாதிப் பதில் போதாது

2016 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் 'கேலக்ஸி நோட் 7' என்ற போனை விற்கத் தொடங்கியது. சில நாட்களிலேயே சில போன்கள் தீப்பிடித்தன. "ஒரு நிறுவனம் செய்து தந்த பேட்டரியில்தான் பிழை" என்று முடிவு செய்தார்கள். சுமார் 25 இலட்சம் போன்களைத் திரும்பக் கேட்டார்கள். வேறு நிறுவனத்தின் பேட்டரி உள்ள போன்களை மாற்றிக் கொடுத்தார்கள். எல்லாரும் "அப்பாடா!" என்று மூச்சு விட்டார்கள்.

ஆனால் மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்தன! அக்டோபரில் அந்தப் போனைச் செய்வதையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

இந்த முறை பொறுமையாகத் தேடினார்கள். சுமார் 700 பேர், 2 இலட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்தார்கள். 2017 ஜனவரியில் பதில் கிடைத்தது. பிழை ஒன்று அல்ல, இரண்டு! முதல் பேட்டரியில் ஒரு மூலை நசுங்கி, உள்ளே இருந்த தகடு வளைந்திருந்தது. இரண்டாவது பேட்டரியில், பற்றவைத்த இடத்தில் கூரான உலோக முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டிலும், ஒன்றையொன்று தொடக்கூடாத பாகங்கள் தொட்டுக்கொண்டன. அதனால் தீ வந்தது.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. நோய் என்ன, அது எதனால் வந்தது, எப்படித் தணிப்பது என்று பார்த்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்று அங்கே வள்ளுவர் சொல்கிறார். மனிதருக்குச் சொன்னது போனுக்கும் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

நீங்களும் தேடலாம்

அடுத்த முறை வீட்டில் ஏதாவது பழுதானால், "ஆர் உடைச்சது?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லாரும், "நான் இல்லை!" என்றுதான் சொல்வார்கள். "எப்படி உடைஞ்சது?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது உண்மை வெளியே வரும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சுவர் மின்சாரத்தில் வேலை செய்யும் பொருளையோ, போன் பேட்டரியையோ நீங்களாகத் திறக்கக் கூடாது. பார்க்கலாம், கேட்கலாம், எழுதி வைக்கலாம். திறக்கும் வேலையை அது தெரிந்த பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

சொற்பொருள்

பழுது – கெட்டுப்போன நிலை
பற்றாசு – உலோகங்களை ஒட்டும் உலோகம், சோல்டர்
சூட்டுக்கோல் – பற்றாசை உருக்கும் கருவி
நுண்ணோக்கி – மிகச் சிறியவற்றைப் பெரிதாகக் காட்டும் கருவி
தடயம் – நடந்ததைக் காட்டும் அடையாளம்
இலட்சம் – நூறு ஆயிரம் (100,000)

விடை சொல்லுங்கள்

1. பிளெசி நிறுவனம் ஏன் சுரங்கத்துக்குள் வேலை செய்தது?
2. பற்றாசு ஏன் உடைகிறது? கம்பியை உதாரணமாக வைத்துச் சொல்லுங்கள்.
3. பலகையை வெட்டுவதற்கு முன் என்னென்ன செய்வார்கள்?
4. நோட் 7 போனின் பேட்டரியை மாற்றிய பிறகும் ஏன் தீப்பிடித்தது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளைப் பற்றி அம்மா, அப்பா அல்லது தாத்தாவிடம் தமிழில் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.