கார் ப்ளோயரில் 'கிர்ர்ர்' சத்தமா? ஏ.சி கேஸ் நிரப்பும் முன் இதைப் பாருங்க!

10, 15 வருஷம் ஓடிய கார். ஏ.சி-யைப் போட்டதும் டேஷ்போர்டின் இடது பக்கம் எங்கிருந்தோ 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஃபேனை 3-ல் வைத்தால் சத்தம் கூடுகிறது. 4-ல் வைத்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவதே காதில் விழவில்லை. பலர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் ஏ.சி மெக்கானிக்கிடம் போகிறார்கள். அங்கே சில நேரங்களில் கிடைக்கும் பதில், "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபுல் சர்வீஸ் பண்ணிடலாம்."

கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையும். டேஷ்போர்டுக்குள் கிர்ரென்று சத்தம் வராது. அந்தச் சத்தத்தைப் போடுவது 'ப்ளோயர்' என்கிற சின்ன மின்விசிறி. அதற்குள் விழுந்த காய்ந்த இலை, எண்ணெய் வற்றிப்போன புஷ், தேய்ந்த மோட்டார்... பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இதில் எது என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஹீட்டர் ஃபேன், ஏ.சி ஃபேன்... ரெண்டும் ஒண்ணா?

ஆமாம், ஒண்ணுதான். காரில் சூடான காற்றுக்கு ஒன்று, குளிர்ந்த காற்றுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபேன் கிடையாது. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பகுதியிலிருந்தோ, காருக்குள்ளிருந்தோ காற்றை இழுத்து, ஏ.சி-யின் குளிர்ந்த காயில் வழியாகவோ ஹீட்டரின் சூடான காயில் வழியாகவோ தள்ளுவது ஒரே ப்ளோயர்தான். குளிர் நாடுகளில் அதை ஹீட்டர் ஃபேன் என்பார்கள். ஹீட்டர் குமிழைத் தொட்டே பார்க்காத நமக்கு அது ஏ.சி ஃபேன்.

வீட்டு சீலிங் ஃபேன் மாதிரி மூன்று இறக்கை இதில் இருக்காது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் பட்டைகளை வட்டமாக அடுக்கிச் செய்த, கூண்டு போன்ற ஒரு சக்கரம் இருக்கும். அதன் நடுவில் 12 வோல்ட் மோட்டார். காரில் மின்சாரத்தை நிறைய இழுக்கும் பொருட்களில் இதுவும் ஒன்று. ஃபுல் ஸ்பீடில் 10 ஆம்பியருக்கு மேல் போகும். நம் கார்களில் இது பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், முன் சீட்டில் உட்கார்பவரின் கால் முட்டிக்கு எதிரே ஒளிந்திருக்கும்.

சத்தம்தானே, விட்டுடலாமே?

விட வேண்டாம். கொட்டும் மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான்கு பேர் போகும்போது முன் கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். அதை வேகமாகப் போக்க ஏ.சி-யோ ஹீட்டரோ மட்டும் போதாது, காற்றைக் கண்ணாடி மீது அடிக்க ப்ளோயர் வேண்டும். ஆறு மாசமாகக் கத்திக்கொண்டிருந்த ப்ளோயர் நிற்பதற்கு ஜி.எஸ்.டி சாலையில் ஒரு நவம்பர் ராத்திரியைத் தேர்ந்தெடுத்தால், ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

வெயில் காலத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஹீட்டர் காயிலில் ஓடுவது இன்ஜினைச் சுற்றிவரும் அதே சூடான கூலன்ட். இன்ஜின் ஓவர்ஹீட் ஆகி முள் சிவப்பை நோக்கி ஏறும்போது, ஏ.சி-யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை ஃபுல்லிலும் வைத்தால், அது இன்னொரு குட்டி ரேடியேட்டர் போல வேலை செய்யும். சாலையோரம் ஒதுங்கும் வரை இன்ஜினைக் காப்பாற்ற இது உதவும். கூலன்ட் மொத்தமாகக் கொட்டிப்போயிருந்தால் பலன் இல்லை. ப்ளோயர் செத்துப்போயிருந்தாலும் இல்லை.

இன்ஜினை அணைச்சுட்டு ஒரு டெஸ்ட்

முதல் வேலை, சத்தம் ப்ளோயரில் இருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்வது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பாட்டை நிறுத்துங்கள். ஃபேனை 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். இன்ஜின் ஓடாமலே சத்தம் வந்து, ஃபேன் வேகத்தோடு சேர்ந்து அதுவும் கூடினால், ஆள் ப்ளோயர்தான். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் இப்படி ஓட விடாதீர்கள், பழைய பேட்டரி தாங்காது.

இன்ஜின் ஓடும்போது மட்டும் சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடினால், பெல்ட், கம்ப்ரஸர் பக்கம் பார்க்க வேண்டும். ஏ.சி போட்டதும் பானெட்டுக்குள் 'உய்ங்ங்' என்று ஒரு ஃபேன் சுற்றுமே, அது ரேடியேட்டர் பக்கம் இருப்பது. அதற்கும் ப்ளோயருக்கும் சம்பந்தமில்லை. டேஷ்போர்டுக்குள் மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' மட்டும் கேட்டால், அதுதான் கேஸ் பக்கம் பார்க்க வேண்டிய சத்தம்.

அடுத்து, சத்தம் எந்த ரகம் என்று கேளுங்கள். சீட்டுக்கட்டை விரலால் விசிறுவது போல 'டர்ர்ர்' என்றால் இலை, பேப்பர், பழைய ஸ்பான்ஞ்சுத் துண்டு ஏதோ சக்கரத்தில் உரசுகிறது. காற்றைத் திருப்பும் கதவுகளில் ஒட்டியிருக்கும் ஸ்பான்ஞ்ச் பழைய கார்களில் உதிரும். ஏ.சி துவாரத்தில் இருந்து கறுப்புத் தூள் பறந்து வந்தால் அதுதான் இது. காலையில் முதல் தடவை போடும்போது 'கீச் கீச்' என்று குருவி மாதிரி கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் புஷ் வறண்டுவிட்டது. இடது, வலது என்று வளைவில் திரும்பும்போது மட்டும் உறுமினால், மோட்டாரின் தண்டில் ஆட்டம் விழுந்திருக்கிறது. காலடியில் அதிர்வு தெரிந்தால், சக்கரத்தின் ஒரு பக்கம் குப்பை அப்பியிருக்கலாம், அல்லது பட்டை உடைந்திருக்கலாம்.

சில நேரம் ப்ளோயர் ஓடவே ஓடாது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினால் ஓட ஆரம்பிக்கும். "நம்ம காருக்கு அடி கொடுத்தாத்தான் வேலை செய்யும்" என்று இதை ஜோக்காகச் சொல்பவர்கள் உண்டு. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோனதன் அடையாளம் அது. அந்த மோட்டாரின் நாட்கள் எண்ணப்படுகின்றன.

மரத்தடி பார்க்கிங் தரும் பரிசு

நிழலுக்காக வேப்பமரம், புங்கமரம், புளியமரம் தேடித்தான் காரை நிறுத்துகிறோம். வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் ஜன்னலில்தான் அந்த இலைகள் வந்து சேரும். புளிய இலை போன்ற பொடி இலைகள் அந்தச் சல்லடையைச் சுலபமாகத் தாண்டிவிடும். இப்போதைய கார்களில் கேபின் ஃபில்டர் அதைத் தடுக்கிறது. மாருதி 800 மாதிரியான பழைய கார்களில் ஃபில்டரே கிடையாது. விழுந்த இலை நேராக ப்ளோயர் சக்கரத்துக்குள் போகும். ஃபில்டர் இருக்கும் காரில், அதை வாங்கியதிலிருந்து மாற்றாமல் வைத்திருந்தால் காற்றின் வேகம் குறைந்துவிடும்.

அதே இடத்தில் மழைத் தண்ணீர் வெளியேறும் துளையும் இருக்கும். இலை அதை அடைத்தால் தண்ணீர் தேங்கி ப்ளோயர் மீது வழியும். மழைக்குப் பிறகு மட்டும் சத்தம் வருகிறது, தரை விரிப்பு ஈரமாக இருக்கிறது என்றால், மோட்டாரை மாற்றுவதற்கு முன் அந்தத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் புது மோட்டாரும் துருப்பிடிக்கும்.

இன்னொரு விருந்தாளி எலி. அடுக்குமாடி பார்க்கிங்கில் வாரக்கணக்கில் நிற்கும் கார்களில், ப்ளோயர் கூண்டுக்குள் பஞ்சு, தேங்காய் நார் எல்லாம் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் வாக்குவம் கிளீனரை எடுக்காதீர்கள், அது தூசியைக் காற்றில் கிளப்பிவிடும். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் நோய். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்து, துணியால் துடைத்தெடுங்கள். அதுவரை ப்ளோயரை ஓட்ட வேண்டாம், அந்தக் காற்று நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

நாமளே கழற்றலாமா?

மேனுவல் ஏ.சி குமிழ் இருக்கும் பழைய சின்ன கார்களில் தாராளமாக முயற்சி செய்யலாம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். முன் சீட்டில் உட்கார்பவருக்கான ஏர்பேக் இந்தியாவில் கட்டாயமானது 2021-ல்தான், அதனால் பல பழைய கார்களில் அது இருக்காது. உங்கள் காரில் இருந்தால், பேட்டரியைக் கழற்றிய பிறகு சில நிமிஷம் காத்திருங்கள். மஞ்சள் நிற ஒயர், மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள்.

க்ளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் பல கார்களில் அது கீழே இறங்கிவிடும். சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும். உள்ளே கீழ்ப்பக்கமாக வட்டமான மோட்டாரின் அடிப்பகுதி தெரியும். ஒரு கனெக்டர், பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ. கழற்றும்போது மோட்டாரை இன்னொரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இலையும் மண்ணும் சேர்ந்து மடியில் விழும்.

வெளியே எடுத்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தங்கு தடையில்லாமல் சுற்ற வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் அழுக்கைத் தட்டி எடுங்கள். மோட்டாரோடு சேர்த்துத் தண்ணீரில் கழுவாதீர்கள். பட்டைகளின் ஓரத்தில் சின்ன உலோக கிளிப் மாட்டியிருந்தால், குப்பை என்று பிடுங்கிவிட வேண்டாம். டயருக்கு வீல் பேலன்ஸிங்கில் ஈயக்கட்டி வைக்கிறார்களே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. கூண்டுக்குள் கைவிட்டு மிச்சமிருக்கும் இலைகளையும் எடுத்துவிடுங்கள்.

இலைதான் பிரச்னை என்றால் வேலை இத்தோடு முடிந்தது.

ஒரு சொட்டு எண்ணெய் போதுமா?

புஷ் வறண்டு 'கீச்' என்று கத்தும் மோட்டாருக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடிப்பது பரவலான பழக்கம். உடனே சத்தம் நிற்கும், சில நாளில் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். காரணம், அந்த ஸ்ப்ரே புஷ்ஷில் மிச்சமிருந்த எண்ணெயையும் கரைத்துக் கழுவிவிடுகிறது. தையல் மெஷின் எண்ணெய் மாதிரி லேசான எண்ணெய் ஒரு சொட்டு, தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் விட்டால் சரி. அதிகமாக விட்டு, கார்பன் பிரஷ் உரசும் இடத்துக்கு எண்ணெய் போனால் மோட்டார் கெடும்.

என் கணக்கில் எண்ணெய் வைத்தியம் ஒரு தடவைக்குத்தான். தண்டில் ஆட்டம் வந்துவிட்டாலோ, எண்ணெய் விட்டும் சத்தம் திரும்பினாலோ, மோட்டாரை மாற்றுவதுதான் சரி. புஷ் இறுகிய மோட்டார் சுற்றுவதற்கு அதிக கரன்ட் இழுக்கும். அந்தச் சூட்டில் கனெக்டர் உருகும், ஃபியூஸ் போகும். அப்போது "20-க்கு பதில் 30 போட்டுடலாம்ணே" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. பெரிய ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே டேஷ்போர்டுக்குள் ஒயர் உருக ஆரம்பித்துவிடும்.

1, 2, 3 ஸ்பீடு வேலை செய்யாமல் 4-ல் மட்டும் ஃபேன் ஓடுகிறதா? போனது மோட்டார் இல்லை, ரெசிஸ்டர். குறைந்த வேகங்களில் கரன்ட்டைக் கட்டுப்படுத்துவது அதுதான். 4-ல் கரன்ட் அதன் வழியாகப் போகாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. ப்ளோயர் தள்ளும் காற்றில்தான் ரெசிஸ்டர் குளிர வேண்டும் என்பதால் அதை அந்தக் காற்றுப் பாதையிலேயே வைத்திருப்பார்கள். மோட்டார் இறுகி அதிக கரன்ட் இழுத்து, காற்றும் குறைந்தால் ரெசிஸ்டர் எரியும். அதனால் புது ரெசிஸ்டர் போட்டும் சில மாசத்தில் மறுபடி எரிந்தால், மோட்டாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

ப்ளோயர் மெதுவாகச் சுற்றினால் குளிர்ந்த காயில் மீது போதுமான காற்று போகாது. அதில் ஐஸ் கட்டி, குளிர்ச்சி குறையும். 'கேஸ் கம்மி' என்று தவறாகக் கணிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம். கேஸ் நிரப்பலாம் என்று சொன்னால், முதலில் கேஜ் மாட்டி பிரஷரைக் காட்டச் சொல்லுங்கள். சத்தத்துக்கு, "ப்ளோயரைக் கழற்றி என் கண் முன்னாடி சுத்திக் காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. மோட்டார் தேறாது என்றால் மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்குமா, சக்கரத்தோடு சேர்த்துத்தானா என்றும் கேளுங்கள். பழைய சக்கரத்தைப் புது மோட்டாரில் மாட்டினால் பேலன்ஸ் கெட வாய்ப்பு உண்டு.

வேறு கம்பெனி மோட்டாரைப் போடும்போது கனெக்டர் பொருந்தாமல் ஒயரை வெட்டி ஒட்டுவார்கள். பிளஸ், மைனஸ் மாறினால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். காற்று அப்போதும் வரும், ஆனால் பாதி உயிரோடு வரும். அதனால் க்ளவ் பாக்ஸை மாட்டுவதற்கு முன்பே நான்கு ஸ்பீடிலும் ஓடவிட்டு, காற்று எல்லாத் துவாரத்திலும், முக்கியமாக முன் கண்ணாடியின் கீழ்ப்பக்கத் துவாரத்திலும், பழைய வேகத்தில் வருகிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே டெஸ்ட்தான். ஓனர் பாட்டைப் போட்டே வைத்திருந்தால், "அண்ணே, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஃபேனை 4-ல் திருப்புங்கள்.